கதவுக்குள் கண்ணாடித் தூள்

என் வீட்டுக்காரருக்குக் கார் கண்ணாடி மாட்டுகிற தொழில். உடைந்த வண்டியோடு வருகிறவர்களிடம் எல்லாம், "இன்ஷூரன்ஸ் ஆளு வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று வாய் வலிக்கச் சொல்வார். ஊருக்குத்தான் உபதேசம்!

எங்கள் கார் வாசலில்தான் நின்றது. எவனோ கட்டையில் போறவன் பக்கக் கண்ணாடியை உடைத்து, வண்டியை ஓட வைக்கிற கம்ப்யூட்டர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். நான் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் இவர் புதுக் கண்ணாடியே மாட்டி முடித்திருந்தார்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கை சும்மா இருக்கலை" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

எனக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். திரும்பும்போது நிற்கக்கூடத் தெம்பிருக்காது. இன்ஷூரன்ஸ் கொடுத்தால்தான் புதுப் பெட்டி, பெட்டி வந்தால்தான் கார்.

இன்ஷூரன்ஸிலிருந்து பார்க்க வந்த சர்வேயர் நல்ல மனிதர். "கண்ணாடி உடைஞ்சா தூள் கதவுக்குள்ள விழும். எந்த மெக்கானிக்கும் அதை முழுசா எடுக்க மாட்டான்" என்று கதவின் உள்பலகையைக் கழற்றினார். உள்ளே கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலிருந்தது.

"என்னண்ணே, ஒரு துணுக்குகூடவா விட்டு வைக்கலை?"

"விட்டா கதவைச் சாத்துறப்பல்லாம் சலசலங்கும் சார்" என்றார் இவர். அதில் பெருமை வேறு.

"உடைச்ச அடையாளமே இல்லாம நான் என்னன்னு எழுதுறது? வெள்ளிக்கிழமை வர்றேன், நல்லாத் தேடி வைங்க."

அள்ளிய தூளை இவர் பட்டறை டிரம்மில் கொட்டியிருந்தார். அதில் பத்து வண்டித் தூள் கலந்து கிடந்தது. எங்களுடையதும் அதில்தானே இருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் இவர் குளிக்கப் போன நேரம் இரண்டு கை அள்ளிக் கதவுக்குள் போட்டேன். விரலைக் கிழித்துவிட்டது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

சர்வேயர் வந்து டார்ச் அடித்தார். "அட, இதோ இருக்கே!" என்று கேமராவை எடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பின்கண்ணாடி சார். பாருங்க, பனி போக்குற கம்பிக் கோடு ஓடுது. பக்கக் கண்ணாடில இது வராதே."

பாவி மனுஷா! சொல்லி முடித்த பிறகுதான் என் விரலைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

சர்வேயர் கேமராவை இறக்கினார். "அப்போ இதை யாரு உள்ள போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார் போட்டேன்" என்றார் இவர்.

சர்வேயர் அவரைப் பார்த்தார். பிறகு என் பிளாஸ்திரியைப் பார்த்தார். "நான் இதைப் பாக்கலைன்னு வச்சுக்கிறேன். ஆனா கிளெய்ம் கிடைக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கல்யாணமாகி முப்பது வருஷம். விளையாட்டுக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷர். மறுநாள் பஸ்ஸில் முண்டியடித்து எனக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.