காலமானார் பத்தி

கணேஷ்ராம் பேருந்து விபத்தும் பஞ்சாயத்துக் கூட்டமும் எழுதியே பாதி வயதைக் கடத்தியவர். 1998இல் அவருடைய நாளிதழ் நெல்லைப் பதிப்பை இணையத்தில் ஏற்ற முடிவு செய்தபோது, கம்ப்யூட்டர் பக்கம் துணிந்து போனவர் ஆபீசில் அவர் ஒருவர்தான். மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு இணைப்புக் கிடைத்தால் தலைப்புச் செய்திகள், பாபநாசம் அணை நீர்மட்டம், காலமானார் பத்தி மூன்றும் ஏறும். தமிழ் எழுத்து வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், அச்சான பத்தியை ஸ்கேன் செய்து ஒரே படமாகப் போட்டுவிடுவார்.

"அணையில தண்ணி எவ்வளவுன்னு அமெரிக்காக்காரனுக்கு எதுக்குவே?" என்பார் மேனேஜர் ஞானசம்பந்தன்.

"அவனுக்கு இல்ல அண்ணாச்சி. அங்கன போன நம்மாளுக்கு."

ஒருநாள் காலையில் மணப்பாட்டிலிருந்து ஜாய்சி என்ற பெண் வந்தாள். அவளுடைய அப்பா அருளப்பன் முந்தின நாள் இறந்திருந்தார். அறிவிப்பு அன்றைய பேப்பரில் வந்திருந்தது.

"சார், அத இன்டர்நெட்டுலயும் போட்டுட்டீயளா?"

"போட்டாச்சேம்மா."

"எடுத்துருங்க சார். துபாயில எங்கண்ணன் கெவின்கிட்ட அப்பாவுக்கு சொகமில்ல, பொறப்பட்டு வான்னுதான் சொல்லியிருக்கோம். சாயங்காலம் பிளைட்டு. ஆபீசுக்குப் போனதும் மொதல்ல உங்க பேப்பரத்தான் பாப்பான்."

தூரத்தில் இருக்கிறவனிடம் அப்படித்தான் சொல்வது. வீடு வந்து சேரும்வரை அவன் தனியாக அழ வேண்டாம்.

துபாயில் ஆபீஸ் திறக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. லைன் கிடைப்பதும் அறுவதுமாக இருந்தது. ஒரு பெயரை மட்டும் நீக்க வேண்டுமென்றால் மறுபடியும் ஸ்கேன் செய்ய வேண்டும். லைன் கிடைத்ததும் கணேஷ்ராம் படத்தையே எடுத்துவிட்டார். ஜாய்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் போய்ச் சற்று நேரத்தில் போன் அடித்தது.

"சார், நான் கெவின், மணப்பாடு. துபாயிலேர்ந்து பேசுதேன். காலமானார் பத்திய ஏன் காணல?"

"மிஷின் கோளாறு தம்பி."

"அணைத் தண்ணி வந்திருக்கே சார். அது மட்டுமா கோளாறு?"

கணேஷ்ராமுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. பேச்சை மாற்ற நினைத்தார்.

"அதெல்லாம் நாளைக்கு ஏத்திருவோம். நீங்க சாயங்காலம் பிளைட்டப் பிடிச்சு வந்து சேருங்க."

"பிளைட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே சார்."

மேஜைமேல் அன்றைய பேப்பர் கிடந்தது. கணேஷ்ராம் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அடக்கம் எப்ப சார்?"

"நீங்க வந்த பொறவுதான்."

கெவின் அழுவது கேட்டது. பின்னால் யாரோ இந்தியில் என்னவென்று விசாரித்தார்கள். நெல்லை ஆபீசில் இருந்தது ஒரே லைன். யாருக்கோ அவசரமாகப் பேச வேண்டியிருக்கிறது என்று ஞானசம்பந்தன் சைகை காட்டினார். கணேஷ்ராம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெவினாக வைக்கும்வரை ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.