தாய்மாமன் மடியும் ஒரு செயற்கைக்கோளும்

"மதினி, அண்ணனுக்கு மானத்துல சுத்துறதுதான் சொந்தம், தரையில கெடக்குற தங்கச்சி அசலு. எம்மக காதுகுத்துக்கு மடி குடுக்க மாமன் வருவாகளா, மாட்டாகளா?"

அனுமந்தன்பட்டியிலிருந்து என் நாத்தனார் போனில் கேட்டது, எழுத்து மாறாமல். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், சின்னமனூரில் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து, பெங்களூர் கம்பெனி ஒன்றின் செயற்கைக்கோளை மேய்க்கிறார். அது பூமியைப் படமெடுக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர் சாப்பிடுவதும் குளிப்பதும் கோளின் வசதிப்படி. அவர் மனைவிக்குச் சம்பளம் கிடையாது. வீட்டில் இப்படி ஓர் ஆளை வைத்திருக்கும் சகோதரிகளே, கேளுங்கள்.

தள்ளிவிடும் வேலை

கோள் என்றால் தானாகச் சுற்றும் என்றுதான் கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித் தந்தார். தள்ளிவிட ஆள் வேண்டும் என்று சொல்லவில்லை. அவ்வளவு உயரத்திலும் துளிக் காற்று இருக்கிறதாம். அது உரசி உரசி, கோள் நாளுக்கு நாள் கீழே இறங்குமாம். சில வாரங்களுக்கு ஒருமுறை எரிபொருளைக் கொஞ்சம் எரித்து மேலே ஏற்றிவிட வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் கோளின் கதையும் முடிந்தது.

திராட்சைக் கூடையோடு வந்திருந்த காமயகவுண்டன்பட்டித் தோட்டக்காரர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நம்ம ஊரு டவுன் பஸ்ஸு மாதிரி. தள்ளுனாத்தேன் ஓடும்."

திராட்சைத் தோட்டத்துப் படம்

அவரே தன் தோட்டத்தைப் படமெடுத்துத் தரச் சொன்னார். எங்கள் பள்ளத்தாக்கின் மேல் கோள் வரும் நாளுக்காக ஒரு வாரம் காத்திருந்தோம். வந்தது, எடுத்தது. மேகமலையிலிருந்து கம்பம் வரை ஒரே வெள்ளை மேகம். தோட்டக்காரர் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது பஞ்சு யாவாரியோட குடோனுல்ல. நம்ம தோட்டம் எங்கன?"

பத்தே கால்

காதுகுத்துக்கு முதல் நாள், பழைய ராக்கெட் துண்டு ஒன்று மறுநாள் மதியம் கோளை உரச வருவதாகச் செய்தி. விலகும் கட்டளையைக் காலை பத்தே காலுக்கு, சிக்னல் கிடைக்கும் பத்து நிமிடத்துக்குள் அனுப்பியாக வேண்டும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது சட்டம். அந்த ஒருவர் இவர்தான். காது குத்தும் நல்ல நேரமும் பத்தரையோடு சரி. தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் பக்கம் ஊசியை எடுக்கவே மாட்டார்கள்.

கோயில் வாசலில் ஒரு தொடையில் மடிக்கணினி, மறு தொடையில் மொட்டையடித்த தங்கை மகள். என்னைப் பார்க்காமலே நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். சிக்னல் வருவதற்காக, பெங்களூரில் சரிபார்க்க உட்கார்ந்திருந்த பெண் ஸ்பீக்கரில் எண்ணினாள்: மூணு, ரெண்டு, ஒண்ணு. தனக்காகத்தான் எண்ணுகிறார்கள் என்று ஆசாரி நறுக்கென்று குத்திவிட்டார். பிள்ளை வீறிட்டது. இவர் அசையாமல் கட்டளையை வாசிக்க ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் பதற்றமாக ஒரு குரல்: "சார், அதுக்குள்ள மோதிருச்சா?"

கோளும் தப்பியது, மறு காதும் நேரத்துக்குள் முடிந்தது. அடுத்த காதுகுத்து நாத்தனாரின் சின்ன மகளுக்கு. "ஏங்க, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மடியைக் காலியா வச்சுக்கங்க" என்று மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன், வானத்திலிருந்து வரும் சிக்னலைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுகிற மனிதரின் அறையிலிருந்து கீபோர்டு சத்தம் மட்டும்தான் வருகிறது.