முத்திரை வைத்த கணினியில் மணியம் அண்ணன்

வீடியோ கேம் சோதிக்கும் வேலை என்பது, சொந்தக்காரர்கள் எல்லாரும் “விளையாடிச் சம்பளம் வாங்குறா” என்று பேசிக்கொண்டிருக்க, நாள் முழுக்க ஒரு சுவரில் முட்டி முட்டிப் பார்த்து, எந்த முட்டலில் சுவருக்குள் போய்விடுகிறோம் என்று எழுதிவைக்கும் வேலை. இதே வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் தயவுசெய்து பொறாமைப்படுவதை நிறுத்துங்கள். மலேசியாவில், ஜொகூர் பாருவில் பதினொரு பேர் மட்டுமே இருக்கிற ஒரு ஸ்டூடியோவில் நான் வேலை பார்க்கிறேன். வந்த நாளிலிருந்து ஒரே ஒரு பேய் விளையாட்டைத்தான் சோதித்தேன். அதிலும் பாதி நாள், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்தது.

ஸ்டோர் அறையில் ஒரு குரல்

எங்கள் முதலாளி சரா, சாஆ என்ற ஊரில் பிறந்தவர். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன டவுனை அப்படியே விளையாட்டுக்குள் கட்டிவிட்டார். ஆளில்லாத கடைவரிசை, தண்ணீர் தேங்கிய பஸ் நிலையம், காணாமல்போன தங்கையைத் தேடி வீடு வீடாகப் போகும் ஒரு பெண். அந்தப் பெண்தான் விளையாடுகிற நாம். ஒரு வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே நடந்தால், முதுகுக்குப் பின்னால் ஒரு காவல்காரரின் குரல் கேட்கும். அவர்தான் பேய், ஆளைக் காட்டவே மாட்டோம்.

அந்தக் குரலுக்கு நாங்கள் எங்கும் ஆள் தேடவில்லை. எங்கள் கட்டடத்தின் காவலாளி மணியம் அண்ணன், வேலை முடிந்து லிஃப்ட் பக்கம் வருகிற ஒவ்வொருவரையும் பல வருஷமாக ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார்: “கதவ சாத்தியாச்சா?” சரா அதையே விளையாட்டில் வைத்தார். ஸ்டோர் அறையில் பழைய மெத்தைகளைச் சுற்றி நிறுத்தி, ஒலி வேலை பார்க்கும் தேவா மைக்கை நீட்டினான். அண்ணன் சீருடைப் பொத்தான்களை எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மைக்குக்கு யூனிஃபார்ம் தெரியாது அண்ணே என்றேன், கேட்கவில்லை. இருபது தடவை சொல்லவைத்தோம். விளையாட்டின் முடிவில் பெயர்கள் ஓடும் இடத்தில் தன் பெயரும் வர வேண்டும் என்பதைத் தவிர எதையும் கேட்கவில்லை. போகும்போது சொன்னார்:

“கலா, கேமு எப்ப வெளிய வருது? வீட்டுல லெட்சுமி கிட்ட சொல்லிட்டேன் லா. நம்பவே மாட்டேங்குறா. காதால கேட்டாத்தான் நம்புவாளாம்.”

விரைவில்

விளையாட்டைச் செய்வது நாங்கள். அதை விளம்பரப்படுத்தி இணையக் கடையில் ஏற்றுவது பப்ளிஷர். வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. பேயின் முகத்தைக் காட்ட வேண்டும், தமிழ்க் குரல்களை எடுத்துவிட வேண்டும், முடியாதென்றால் வேறு ஸ்டூடியோவை வைத்துத் தாங்களே முடித்துக்கொள்வார்கள், விளையாட்டு தங்களுடையது. சரா, அது எங்களுடையது என்று பதில் எழுதினார். இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தின் ஒரே பத்தியைக் காட்டித்தான் சண்டை போட்டார்கள். வழக்கு முடியும்வரை யாரும் வெளியிடக் கூடாது, யாரும் மாற்றக் கூடாது, வழக்கில் இல்லாத யாருக்கும் காட்டக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. விளையாட்டும், தேவாவிடம் இருந்த ஒலிப்பதிவுகளும் ஒரே கணினிக்குப் போயின. அதற்கு முத்திரை ஒட்டி ஒரு சின்ன அறையில் வைத்தார்கள். இணையக் கடையில் இருந்த தேதி மறைந்து, ‘விரைவில்’ என்ற சொல் மட்டும் மிஞ்சியது. வெளியீடு தள்ளிப்போன விளையாட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கொடுமை தெரியும்.

அதன் பிறகு அண்ணன் தினமும் இரண்டு கேள்வி கேட்டார். கதவ சாத்தியாச்சா, கேமு வந்துருச்சா. வரும் அண்ணே, வரும் அண்ணே என்று சொல்லிச் சொல்லி எனக்கே கூச்சமாகிவிட்டது. ஒரு நாள் காலை பாசிர் கூடாங்கிலிருந்து வேலைக்கு வரும் வழியில், மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி ஸ்டாண்டு போட்டு, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. துக்கத்துக்குப் போனபோது லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவரு குரல் உங்க கிட்டதான் இருக்குன்னாரே மா. எங்க கிட்ட போட்டோதான் இருக்கு. ஒரே ஒரு வாட்டி கேக்கலாமா?”

சாட்சிக்குப் பொட்டு

முடியாது என்றார் எங்கள் வக்கீல் அம்மா. ஒரு விநாடி ஒலியை வெளியே எடுத்தாலும் ஆணையை மீறினதாகிவிடுமாம். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீஸில் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கீபோர்டு, மைக், காப்பி போடும் மெஷின், போன வருஷம் என் நெற்றிக்கும் சேர்த்து வைத்தார்கள். சரா தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தவர், வேலையில்லாமல் கிடக்கிறதே பாவம் என்று அந்தக் கணினிக்கும் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தார். வைத்த இடம் சரியாக முத்திரைக் காகிதத்தின் மேல். சந்தன ஈரத்தில் அதன் ஒரு மூலை கிளம்பிவிட்டது.

பப்ளிஷர் பக்கத்து ஆட்கள் பார்வையிட வந்தபோது இதை விடுவார்களா? யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று மனுப் போட்டார்கள். கடைசியில், ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர்கள் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவின் முன்னால் விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டி, எதுவும் மாறவில்லை என்று காட்ட வேண்டும் என முடிவானது. ஓட்டுவதற்கு என்னைப் போட்டார்கள். வக்கீல் அம்மா சராவிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

“சாமி கும்பிட்டீங்க, அது சரி. எவிடென்ஸுக்கு ஏன் சார் பொட்டு வச்சீங்க?”

வியாழக்கிழமை, பத்து மணி

குமாஸ்தா பெயர் ஜெயராஜா. சிலோன்காரர் குடும்பம், சட்டையில் மடிப்பு கலையாத மனிதர். நான் என்ன செய்தாலும் நோட்டில் எழுதுவார். அறைக்கதவு மூடியிருக்க வேண்டும், போன் வெளியே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த டவுனுக்குள் போக உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் அனுமதி. நான் போனால்தான் அங்கே மழை தொடங்கும். நான் வேண்டுமென்றே கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு நடப்பேன், அண்ணன் கேட்பார். அது சோதனை இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் குரல் கேட்காமல் ஒரு வாரம் போவது எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, கடைசி வீட்டின் கதவை நன்றாகச் சாத்தினேன். தாழ் விழுந்த சத்தமும் கேட்டது. நாலு அடி நடந்திருப்பேன். “கதவ சாத்தியாச்சா?” என்றார் அண்ணன். திரும்பிப் போய்ப் பார்த்தேன், சாத்தித்தான் இருந்தது. சாத்திய கதவுக்கு அந்தக் குரல் வரவே கூடாது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. இது பிழை, ஆனால் திருத்த முடியாது, கோர்ட் பாதுகாப்பில் இருக்கிற பிழை என்று சிரித்துக்கொண்டே ஜெயராஜாவைப் பார்த்தேன். அவர் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், அவரு உங்கள கேக்கல. நாந்தான் இந்த ரூம் கதவ சாத்த மறந்துட்டேன்.”

கையெழுத்து போடாதவர்

வழக்கு தீர்ப்புவரை போகவில்லை, சமரசமானது. விளையாட்டைப் பப்ளிஷர் வெளியிடுவார்கள், எங்கள் பெயர் இருக்கும், தமிழும் இருக்கும், பேய்க்கு முகம் வராது. ஜெயித்துவிட்டோம் என்று கேக் வெட்டினோம். அப்புறம் அவர்களுடைய வக்கீல்கள் ஒவ்வொரு காகிதமாகச் சரிபார்த்தார்கள். குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மட்டும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் தப்புதான். தினமும் லிஃப்ட் பக்கத்தில் பார்க்கிற மனிதரிடம் யாருக்குக் காகிதம் நீட்டத் தோன்றும்?

லெட்சுமி அக்காவிடம் வாங்கித் தருகிறோம் என்றார் சரா. வாரிசு, சான்று என்று இழுத்துக்கொண்டு போகும், வெளியீடு இன்னொரு தடவை தள்ளிப்போகும் என்றார்கள். குரலை மாற்ற வேண்டும், பழைய பதிவுகளை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் சமரசம் இல்லை. பதினொரு பேரின் உழைப்பை நினைத்து சரா ஒத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே என் மேசைக்கு வந்தார்.

“பேரு மட்டும் கடைசில வரும் கலா. அது வரைக்கும்தான் என்னால முடிஞ்சது. அப்படிப் பாக்காத.”

எழுதாத பிழை

அழித்தாகிவிட்டது என்று உறுதி செய்யும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. புதுக் குரல் கோலாலம்பூர்காரர் ஒருவருடையது. நல்ல குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கலாம். நாம் கதவைச் சாத்தினோமா இல்லையா என்பதில் அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஒவ்வொரு வீடாகத் திறந்து போட்டேன், எல்லாவற்றிலும் அவர்தான் பேசினார். கடைசி வீட்டுக் கதவை, பழக்க தோஷத்தில் சாத்தினேன். நாலு அடி நடந்தேன்.

மணியம் அண்ணன் கேட்டார்.

தேவாவைக் கூப்பிட்டேன். அவன் வந்தபோது பத்துத் தடவை சாத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும், அதனால் உட்கார்ந்து மதியம்வரை தேடினான். எங்கள் வேலையில், சொன்னவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்து மற்றவர் முன்னால் வராத பிழையைக்கூடப் பட்டியலில் எழுதியே ஆக வேண்டும். அதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. எழுதிவிட்டால் அது தீரும்வரை விடமாட்டார்கள். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கீபோர்டில் கை வைத்தபடி இருந்தேன். தேவா நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

“அவரு குரல் ஃபைல் லிஸ்ட்ல இல்ல, டிஸ்க்லயும் இல்ல. நீ எழுதினா நான் இன்னும் தேடித்தான் ஆகணும். எழுதப் போறியா?”

பாசிர் கூடாங், மூன்றாவது மாடி

வெளியான வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், லெட்சுமி அக்கா வீட்டுக்கு மடிக்கணினியோடு போனேன். முதலில் பெயர்களைக் காட்டினேன். அண்ணன் பெயர் மேலே போகப் போக அக்கா விரலை வைத்துக்கொண்டே போனார். குரல் எங்கே மா என்றார். நடந்ததைச் சொன்னேன். அழவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். ஆனாலும் ஒரு இடம் இருக்கிறது அக்கா, வரும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிக் கடைசி வீட்டுக்குப் போனேன்.

சாத்தினேன், நடந்தேன், மழைச் சத்தம்தான். திரும்பத் திரும்ப அதுதான். இல்லாததைக் காட்டுவதாக ஒரு விதவையை உட்காரவைத்துவிட்டேனே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அக்காவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இரு மா, பால் ஊத்தாம ஒரு தே ஓ போடுறேன் என்று எழுந்து, வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் இன்னொரு தடவை சாத்தினேன்.

“கதவ சாத்தியாச்சா?”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நிற்கவில்லை. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், பல வருஷமாகச் சொல்லிப் பழகிய குரலில் பதில் சொன்னார்.

“சாத்திட்டேங்க. நீங்க உள்ளதான இருக்கீங்க?”

இத்தனை வருஷமும் பிழை பிடித்துக் கொடுத்ததற்கு ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை, பிடித்தும் எழுதாமல் விட்ட ஒன்றுக்குத்தான் ஒரு கிளாஸ் தே ஓ கிடைத்தது.