ஒரு வாய் சோறு தின்னாத குடல்

போன வியாழக்கிழமை நான் கடை போடவில்லை. மந்தைவெளியில் என் சாப்பாட்டுத் தள்ளுவண்டியைக் காணோம் என்று பாதிப் பேர் போன் செய்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன்.

என் வீட்டுக்காரர் போனைத் திறந்தால் இத்தனை வருடம் என் படம்தான் வரும். பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவில், மஞ்சள் புடவையில் எடுத்தது. போன மாதம் பார்க்கிறேன்... என்னைக் காணோம். அந்த இடத்தில் சோப்பு நுரை மாதிரி உருண்டை உருண்டையாக என்னவோ.

"இன்னாயா இது?"

"என் குடலு."

"குடலா?"

"ஆமாமே. லேப்ல வளருது. இன்னா அழகா கீது பாரு."

விஷயம் இதுதான். அவருக்கு இரண்டு வருடமாகக் குடலில் புண். ரத்தமாகப் போகும். அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். கேமரா விட்டுப் பார்த்தபோது, ஆராய்ச்சிக்கு என்று அரிசி நொய் அளவு சதை கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கூழ் மாதிரி ஒன்றில் புதைத்து, குட்டிக் குட்டிக் குடலாக வளர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. இந்த நோய் ஏன் வருகிறது, எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று அதில் போட்டுப் பார்ப்பார்களாம். மனுஷனைப் போட்டுப் படுத்த வேண்டாம் பாருங்கள்.

நல்லதுதான். நான் என்ன, வேண்டாம் என்றா சொன்னேன்?

ஆனால் வளர்க்கிறவள் பெயர் பவித்ரா. அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சுதான்.

"பவித்ரா ரெண்டு நாளைக்கு ஒருக்கா அதுக்கு சாப்பாடு மாத்துது."

"ஞாயித்துக்கெழமகூட வந்து பாத்துட்டுப் போவுது."

"அந்தப் பொண்ணு ஊத்துறது நல்லா ஒத்துக்கிச்சு. ஜோரா வளருது."

இந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்கு உள்ளே போய் நின்றது.

ஏன் என்று சொல்கிறேன். நோய் வந்த புதிதில் என் நாத்தனார் திருவான்மியூரிலிருந்து வந்தாள். வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் காரத்த ஊத்தி ஊத்தித்தான் எங்க அண்ணன் கொடல வேக வச்சிட்டா" என்றாள். சத்தமாகத்தான்.

ஒருத்தர் தட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அவர் வரவே இல்லை.

நான் அந்தத் தட்டை எடுத்துக் கழுவினேன். பதினெட்டு வருடமாக அந்தக் குடலுக்குச் சோறு போட்டது நான்தான். அவள் சொன்னது நிஜமாக இருந்தால்? அவருக்குத் தனியாகக் காரமில்லாமல் பொங்கிப் போட்டேன். அப்படியும் புண் ஆறவில்லை. மிளகாய் அரைக்க உட்கார்ந்தால் போதும், அவள் குரல் கேட்கும்.

இப்போது எவளோ ஊற்றுவது ஒத்துக்கொள்கிறதாம்.

வியாழக்கிழமை அவருக்குச் செக்கப். நானும் வருகிறேன் என்றேன். பையில் ஒரு பாட்டில் வடிகஞ்சி. ஆறவைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டியது. உப்புகூடப் போடவில்லை.

"அது யாருக்குமே?" என்றார்.

"உன் குடலுக்கு. எத்தினி நாளைக்கு அந்தப் பொண்ணு ஊத்துறதையே குடிச்சிக்கினு கெடக்கும்?"

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரியாதா எனக்கு?

லேப் அதே ஆஸ்பத்திரி மாடியில்தான். பவித்ராவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. "வாங்க ஆன்ட்டி" என்றாள். பொறுத்துக்கொண்டேன். லேப் உள்ளே யாரையும் விடமாட்டார்களாம். வெளி ரூமில் கம்ப்யூட்டரில் காட்டினாள். அதே உருண்டைகள். சிலது மொட்டு விட்ட மாதிரி இருந்தது.

பாட்டிலை நீட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"இது ஒரு சொட்டு உள்ள போனாலும் கிருமி சேர்ந்து எல்லாம் செத்துடும் ஆன்ட்டி. அதுக்கு சோறு, கஞ்சி எதுவும் கிடையாது. நாங்க ஊத்துற மருந்துத் தண்ணியிலயே இருக்கும்."

"அப்ப இது ஒரு நாளும் சோறு தின்னதில்ல?"

"இல்ல."

"மிளகா?"

"பாத்ததே இல்ல."

"அதுக்கு நோவு கீதா?"

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "நோய் இல்லாதவங்ககிட்ட எடுத்து வளர்த்ததையும் பக்கத்துல வச்சுப் பாக்கிறோம். அதோட சுவர் கெட்டியா இருக்கு. இதோடது கசியுது. ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியல. புண் இருந்த இடத்துல எடுத்ததால அந்தப் பழக்கம் இதுலயும் ஒட்டியிருக்கலாம். அவருக்குப் பொறந்ததுல இருந்தே அப்படி இருக்கலாம்."

"என் குழம்பால வந்துச்சா? அத்த மட்டும் சொல்லு."

"புண் இருக்கிறப்ப காரம் தொல்லை பண்ணும். ஆனா உங்க குழம்பாலதான் இந்த நோயே வந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. எதுக்கும் டாக்டர்கிட்டயும் கேளுங்க."

கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு வருடமாக அந்த டாக்டர் ரூமில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். கேட்கப் பயந்த கேள்வி. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

கிளம்பும்போது பவித்ராவைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது.

"நீ சாப்டியா?"

"இதுக்கெல்லாம் தண்ணி மாத்திட்டுத்தான் சாப்பிடணும் ஆன்ட்டி."

மணி மூன்று. கஞ்சி பாட்டிலை அவள் கையில் வைத்தேன். உப்பு போட்டுக்கொள் என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் அவர் போனை வாங்கினேன். உருண்டைப் படத்தை நாத்தனாருக்கு அனுப்பினேன். கூடவே என் குரலிலும் நாலு வார்த்தை. "இது உங்க அண்ணன் குடலு. என் கையால ஒரு வாய் தின்னதில்ல. அதுக்கும் நோவு கீது. நம்பலன்னா டாக்டராண்ட கேட்டுக்கோ."

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.

"பழைய படத்தையே வச்சிடட்டுமா?" என்றார் அவர்.

"இதுவே இருக்கட்டும்" என்றேன். எனக்குச் சாட்சி சொன்ன படமாயிற்றே.

வெள்ளிக்கிழமை நொச்சிக்குப்பத்தில் வஞ்சிரம் வாங்கிக் கடை போட்டேன். மிளகாய் அரைக்கும்போது நாத்தனார் குரல் கேட்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். என் குழம்பின் ருசியே தெரியாமல் ஒரு குடல் அங்கே ஜோராக வளர்கிறது... எப்படிப் போகும்?