அம்மா ஒட்டிய அம்பு

ஜெபத்துக்கு முழங்கால் போடுவதற்கு முன்னால் அம்மா பீரோ கதவைத் திறப்பாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து மகள் பார்த்துவந்த பழக்கம் அது. கதவின் உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கிய சின்னச் சின்ன வேண்டுதல் வரிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அதை ஒருமுறை விரலால் தொட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவாள்.

அம்மா சட்டைக் கம்பெனியில் செக்கர். தையல் பிசகிய இடத்தில் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. திருத்தி வந்ததை ஒட்டியவளே பார்த்து, ஒட்டியவளே உரிக்க வேண்டும். வேறு கை தொடக்கூடாது. அம்பு போனால் பீஸ் தேறிவிட்டது என்று அர்த்தம். இந்தச் சட்டத்தை அம்மா அப்படியே ஜெபத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள். மகள் பட்டம் வாங்கிய அன்று ஓர் அம்பு உரிந்தது. குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் என்பதால், அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் 'டிகிரி'.

அந்த வருஷமே அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். 'நடக்கணும்' என்ற வரிக்குப் பக்கத்தில் புது அம்பு ஏறியது. மூன்று வருஷம். வேலைவிட்டு வந்து, அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, சாப்பாடு ஊட்டி, அப்புறம் முழங்கால்.

"கேக்கறவருக்குக் காது மந்தமாம்மா? மூணு வருஷமா ஒரே மனுவைக் கொடுத்துக்கிட்டு இருக்க."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கும். அவர் என்ன சொல்றாருன்னுதான் எனக்குப் புரியல. நீதான் டிகிரியாச்சே, புரிஞ்சா சொல்லு."

"ரெண்டு பேரும் இப்படிக் கத்தினா நானே எழுந்து ஓடிடுவேன்" என்றார் அப்பா, படுத்தபடியே. "அம்பையும் உரிச்சிடலாம்."

அவர் எழவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த போதகர், "கர்த்தருடைய சித்தம்மா" என்றார்.

"சித்தம்னா சரிங்கய்யா. ஆனா நான் கேட்டது சரியாகலையே. அந்த அம்பை நான் எப்படி எடுக்கிறது?"

போதகர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அம்பு அங்கேயே இருந்தது. அம்மாவும் தினமும் அதன் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப யாருக்காகம்மா?"

"தெரியலடி. நிறுத்திட்டா இத்தனை நாளும் சுவத்துகிட்ட பேசினதா ஆயிடும்."

அது விசுவாசமா, வெறும் பிடிவாதமா? மகளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தன்னிடம் இரண்டுமே இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த வருஷம் ஒரு காலையில், கம்பெனி வண்டிக்குக் காத்திருந்த இடத்தில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து மகள் பீரோவைக் காலி செய்தாள். அப்பாவின் அம்பைப் பார்த்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நகத்தால் சுரண்டி எறிந்தாள். கீழே இன்னொன்று இருந்தது. அதையும் சுரண்டினாள். பென்சில் எழுத்தைப் படிக்கக்கூடத் தோன்றாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் சூப்பர்வைசர் வந்தார். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் அம்மாவை வாசலில் நிற்கவைத்த சிடுமூஞ்சி. இன்று செருப்பைக் கழற்றவே தயங்கினார்.

"தப்பா நினைக்காத பாப்பா. என் சம்சாரத்துக்கு வாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு. பேச்சு வர்ற வரைக்கும் முழங்கால் போடறேன்னு உங்கம்மா வாக்குக் கொடுத்தாங்க. பீரோவுல அம்பு ஒட்டியிருக்கேன்னாங்க. அது... இருக்கா?"

அவள் பீரோ கதவைத் திறந்தாள். பசைத் தடம் மட்டும் இருந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எடுத்துட்டாங்களா! தேறாத பீஸ்ல உங்கம்மா கை வைக்கவே மாட்டாங்களே. அப்ப மேல கேட்டாச்சு! பேச்சு வரப்போவுது!" பீரோவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சும்மா இருந்துவிடலாம். வாய் திறந்து பொய் சொல்லவேண்டியதுகூட இல்லை. ஒருவரின் நம்பிக்கையைப் பிடுங்குவது பாவமா, தன் கை செய்ததை அம்மாவின் கை செய்ததாக விட்டுவிடுவது பாவமா? படித்த படிப்பில் இதற்குப் பாடம் இல்லை.

"சார், அம்மா எடுக்கல. நான்தான் எடுத்தேன். தெரியாம."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "செக்கர் ஒட்டினதுல நீ எதுக்கும்மா கை வச்ச?" கம்பெனி அதட்டலாகத் தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது.

"நானே பண்றேன்னு சொல்லலாம். ஆனா எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது சார்."

"எனக்கும்தான் தெரியாது. அதான் உங்கம்மாகிட்ட கேட்டேன்."

அவர் போனபின் அம்மாவின் வேலைப்பையைத் துழாவி ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். 'பேச்சு' என்று எழுதினாள். ஓர் அம்பை ஒட்டினாள். இனி தானேதான் அதை உரிக்க முடியும் என்பது ஒட்டியபிறகே உறைத்தது. முழங்கால் போட்டாள். 'ஆண்டவரே' வரை வந்தது. அதற்கு மேல் யாரிடம், என்ன சொல்வது? முட்டி வலித்தது. எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

மறுநாளும் அந்த ஒரு சொல் வரைதான். ஏழு மாதமாக அப்படித்தான். சூப்பர்வைசர் வீட்டில் இன்னும் பேச்சு வரவில்லை. அம்மா வைத்துவிட்டுப் போன பாக்கி கதவில் அப்படியே இருக்கிறது.