மாலை போட்ட பாட்டுக்காரி

மெல்பர்னின் டண்டினொங் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில் கருவாடும் ஊதுபத்தியும் சேர்ந்து மணக்கின்றன. கல்லாவுக்கு மேலே முருகன் படம். பக்கத்தில், கவ்பாய் தொப்பியும் கிட்டாருமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அதற்கு ஒரு பிளாஸ்டிக் மல்லிகை மாலை. முருகனுக்குக்கூட அத்தனை பெரிய மாலை இல்லை. ரயிலில் வரும் வழியெல்லாம் போஸ்டர்களில் இவள் முகம்தான். மெல்பர்ன் கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டதாம்.

"ஐயோ அன்ரி, இவங்க இறந்துட்டாங்களா?"

கடைக்கார அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு வெங்காயம் நிறுத்தபடியே சொல்கிறார்:

"சீச்சீ, அவ நல்லா இருக்கிறா. முந்தி இந்த வாசல்ல நிண்டுதான் பாடினவ. மாடு, மழை, ஓடிப்போன புருசன் எண்டு அருமையான கன்ட்ரி பாட்டுகள். நானும் வடை குடுப்பன். இப்ப பேர் வந்திட்டுது. தொப்பியைக் கழட்டிப்போட்டு டிஸ்கோ பாடுறா."

"அதுக்கு மாலையா?"

"ஓம் தம்பி. அந்த மாட்டுப் பாட்டுக்காரி செத்துப்போனாள்தானே?"

அந்நேரம் ரேடியோவில் அவளுடைய புதுப் பாட்டு வருகிறது. அன்ரி வெங்காயத்தைத் தராசிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டுகிறார். ஒரு வரி பிசகாமல், இடுப்பையும் ஆட்டிக்கொண்டு, கூடவே பாடுகிறார்.

இழவு வீட்டில் இவ்வளவு உற்சாகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.