எட்டுக் கடகம் கறுத்தக்கொழும்பான்

அம்மாவின் பெயர் இரத்தினம்மா. கொடிகாமத்தில் எங்கள் வளவின் கறுத்தக்கொழும்பான் மாங்காய்களைப் பனையோலைக் கடகங்களில் அடுக்கி, ரயிலில் கொழும்புக்கு அனுப்பி என்னைப் படிப்பித்தவர். 1937 ஆனியில் ஒரு காலை, எட்டாவது கடகத்தின் வாயைச் சாக்கால் தைத்து முடித்தார். எழும்பும்போது விழுந்தார். அவ்வளவுதான்.

காம்போடு பறிப்பிப்பார். காம்பை ஒடித்து, சாக்கில் தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடியவிடுவார். பால் பட்ட தோல் கறுத்து அழுகும். பிறகு வைக்கோல் வைத்து மூன்று அடுக்கு. நான்காவது அடுக்குக்கு ஒருபோதும் சம்மதிக்கமாட்டார்.

நான் ரயில்வேயில் வரைபடம் கீறுபவன். முந்தின வருடம் பலகைப் பெட்டியொன்று செய்வித்துக் கொடுத்தேன். ஐந்து அடுக்கு. இருநூறு காயில் அறுபத்தொன்று கொழும்பு சேருமுன் அழுகின.

"பெட்டி வடிவாத்தான் கிடக்கு தம்பி. காய்தான் உள்ளுக்கை கிடந்து அவிஞ்சு போச்சு," என்றார். பிறகு அதில் கோழி அடை வைத்தார்.

தகனம் முடிந்த மறுநாள், எங்கள் காய்களை வண்டிலில் ரயிலுக்கு ஏற்றும் வியாபாரி ஏரம்பு வந்தார். கடகங்கள் விறாந்தையில் இருந்தன. அன்றைய ரயிலில் ஏறாவிட்டால் அம்மா கடைசியாக அடுக்கியது முழுவதும் வீண்.

"துடக்கு வீட்டுச் சரக்கை ஏத்தேலாது தம்பி. செத்த தீட்டுக் கழிய முப்பத்தொரு நாள் போகட்டும்."

"முப்பத்தொரு நாளைக்கு மாங்காய் கிடக்குமே, அண்ணை? கொழும்பிலை தின்னிறவனுக்குத் தெரியவே போகுது?"

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமெல்லே. உங்கடை பெரியம்மா செத்த நேரம் நான் ஏத்திறன் எண்டு நிண்டனான். விட்டவவே கொம்மா? வண்டில் மாட்டையே அவிட்டு விட்டிட்டா."

ஏரம்பு ஏற்றாமலே போனார்.

தையலைப் பிரித்தேன். முந்நூற்றிருபது காய். தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் புரட்டி, கெட்டதை எடுத்தேன். எடுக்காவிட்டால் பக்கத்துக் காயும் போகும். ஆறாம் நாள்வரை எடுத்தவை ஒன்பது. ரயிலில் ஏறியிருந்தால் அதற்குமுன் விற்று முடிந்திருக்கும்.

துடக்கு வீட்டுப் பழத்தை அயலாரும் வாங்கவில்லை. நான் இரண்டு தின்றேன். இனிப்பாக இருந்திருக்கும், நினைவில்லை. பதின்மூன்றாம் நாள் மிச்சத்தை வாழையடியில் புதைத்தேன். கடகங்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் ஏரம்பு வண்டிலோடு வந்தார். மரங்களில் காய் முடிந்திருந்தது.

"சரி, வாற வருசம் பாப்பம்," என்றார்.

"ஓம்," என்றேன்.

ஆர் அடுக்கப்போவது என்று அவர் கேட்கவில்லை. வெறுங்கடகங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்துவிட்டுப் போனார்.